பச்சை ஒயரும் ஒரு மூட்டைக் கரியும்

மெதுவாங்க, பார்த்துக் காலை வையுங்க, அது கரிமூட்டை. இடிச்சீங்கன்னா உங்க வேட்டிதான் வீணாப்போகும். தாண்டி ஜன்னலோரமா உக்காந்துக்குங்க. கண்டக்டர் ரெண்டு தடவை மொறச்சுப்போட்டாரு. லக்கேஜுக்கு டிக்கெட் வாங்கியாச்சுங்க, சும்மா ஒண்ணும் கொண்டு போகல. பக்கத்துல இருக்கறது கல்லுப்பு. துணி சுத்தி நீட்டமா இருக்கறது செம்புத் தடி. கரி, உப்பு, செம்பு, இந்த ஆளு யாருக்கோ செய்வினை வைக்கப் போறானாட்டம் இருக்குதேன்னு பார்க்கறீங்க. பயப்படாதீங்க. நான் எங்க ஊட்டுக்காரியைக் கூட்டியாரப் போறனுங்க.

கிணத்துக்கடவு தாண்டி, பொள்ளாச்சிக்கு முன்னால, செங்கோடன் தோப்புப் பிரிவுன்னு ஒரு ஸ்டாப் வரும். அங்கதான் என் மச்சினன் தோப்பு. போன மாசம் பையைத் தூக்கிட்டு வந்தவதான், திரும்பல. போன் பண்ணா எடுப்பா, சாப்பிட்டீங்களான்னு கேப்பா, வெச்சிருவா. சண்டைன்னா வாய்விட்டுப் போடணுமுங்க. சண்டையே போடாம போனவளை எப்பிடிச் சமாதானம் பண்றது? ஊடு வெறிச்சுன்னு கிடக்குது. காலையில காப்பி போட்டேன்னா ரெண்டு டம்ளர்ல ஊத்திடறேன். அப்புறம் ரெண்டையும் நானே குடிக்கறேன். சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்குது.

நேத்து அவளே கூப்பிட்டா. "வர்றதா இருந்தா ஒரு மூட்டைக் கரி, கல்லுப்பு, எர்த்துக்கு ஒரு செம்புத் தடி, எல்லாம் வாங்கிட்டு வாங்க"ன்னா. பாத்தீங்களா, எறங்கி வந்துட்டா! புருசன் வேணும்னு எந்தப் பொம்பளை நேராச் சொல்லுவா? கரி வேணும்னுதான் சொல்லுவா. இன்னைக்கு அவ இல்லாம திரும்பறதில்லைன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கறேன். யாருகிட்டச் சொன்னேன்னா, வாட்ச்மேன்கிட்ட.

என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

என் பேரு சென்னியப்பன். மில்லுல தறிக்கொட்டாய்க்கு சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். அந்த மிஷின் சத்தத்துல நான் பேசறது மத்தவங்களுக்குக் கேக்கணும். மத்தவங்க பேசறது எனக்குக் கேட்டு ஆகப்போறது ஒண்ணுமில்லைங்க. அப்பிடியே தொண்டை பழகிப்போச்சு. இப்போ சிங்காநல்லூர் பக்கம் சாரதாம்பாள் அபார்ட்மெண்ட்ஸ்ல செக்ரட்டரி. வேற யாரும் வரமாட்டேன்னுட்டாங்க, அதனால வருசா வருசம் நான்தான்.

எங்க மேல் மாடிக்குக் குடி வந்துச்சுங்க ஒரு பல் டாக்டர், யசோதரான்னு பேரு. நல்ல அம்மாதான். என் கடவாய்ப்பல்லுக்குத் தொப்பி போட்டதே அந்தம்மாதான், குத்தம் சொல்லக் கூடாது. ஆனா வந்த மாசமே மொட்டை மாடியில ஒரு கம்பத்தை நட்டுச்சு பாருங்க! கம்பத்துல இருந்து ரெண்டு பக்கமும் ஒயரு. கேட்டதுக்கு, "இது ஆன்டெனாங்க சார். நான் அமெச்சூர் ரேடியோ வெச்சிருக்கேன். பரீச்சை எழுதி கவர்மெண்ட் லைசென்ஸ் வாங்கியிருக்கேன். இதுல எந்த ஊர்க்காரங்களோட வேணும்னாலும் பேசலாம்"னுச்சு. அதுக்குத்தான் போன் இருக்குதேங்கன்னேன். "போன்ல தெரிஞ்சவங்களோட பேசறோம். இதுல தெரியாதவங்களோட பேசறோம்"னுச்சு.

முன்னப்பின்னத் தெரியாத ஆளுகிட்டக் குடும்ப விசயமெல்லாம் பேசறது நல்ல பழக்கமாங்க? நீங்களே சொல்லுங்க. சரி, அப்புறமாச் சொல்லுங்க.

கம்பம் நட்ட அன்னைக்கே எனக்குத் தலைவலி. கீழ் வீட்டு மிக்ஸி கரகரங்குது. எதிர் வீட்டு நாய் சோறு திங்கல. என் தொப்பிப் பல்லுல சொய்ய்ங்குன்னு ஒரு சத்தம். உடனே நோட்டீஸ் ஒட்டுனேன். அந்தம்மா எறங்கி வந்து, "சார், நான் இன்னும் கனெக்‌ஷனே குடுக்கலீங்க. ரேடியோ இன்னும் அட்டைப்பொட்டிக்குள்ளதான் இருக்குது"ன்னு சொல்லுச்சு. நான் விடுவனா? கனெக்‌ஷன் குடுக்காமயே இந்தப் பாடுன்னா, குடுத்தா என்னங்க ஆகும்னு கேட்டேன். அந்தம்மா நெத்தியில அடிச்சுக்கிட்டு மேல ஏறிப் போயிருச்சு.

அப்புறம்தான் ஒரு ரோசனை பண்ணுனேன். எதிரி கூடாரத்துல நம்ம ஆளு ஒருத்தர் வேணுமுங்க. எங்க ஊட்டுக்காரியைக் கூப்பிட்டேன். நாகரத்தினம்னு பேரு, நான் ரத்தினம்னுதான் கூப்பிடறது. சாயங்காலமானா அப்பிடியே பேச்சுக் குடுக்கற மாதிரி மேல போ, அந்தம்மா என்ன பண்ணுது, யாரோட பேசுது, எல்லாம் பார்த்துட்டு வந்து சொல்லுன்னு அனுப்புனேன். மொதல்ல மாட்டவே மாட்டேன்னா. நான்தான் உருட்டி மிரட்டி அனுப்பி வெச்சேன்.

வந்து சொல்லுவா. "டாக்டரம்மா கூப்பிட்டுப் பார்த்தாங்க, இலங்கையில இருந்து ஒருத்தர் பதில் சொன்னாருங்க. அவரு ஊர்ல மழையாம்"னு சொல்லுவா. "ஒருத்தர் பேசறப்போ அடுத்தவங்க பேச முடியாதுங்க. பட்டனை அழுத்துனா நாம பேசலாம், ஆனா அப்போ நமக்கு ஒண்ணும் கேக்காது. கையை எடுத்தாத்தான் அவங்க பேசறது கேக்கும். அதனால பேசி முடிச்சதும் ஓவர்னு சொல்லிட்டுக் கையை எடுத்துரணும்"னு சொல்லுவா. அது கெடக்கட்டும், அந்தம்மா என்னைப் பத்தி என்ன சொல்லுச்சுன்னு நான் கேப்பேன். "உங்களைப் பத்திப் பேச்சே வர்லீங்க"ம்பா. மறைக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா?

மொதல்ல கால்மணி நேரம் போனவ, அப்புறம் ஒரு மணி நேரம், அப்புறம் சாப்பாட்டை மூடி வெச்சுட்டுப் போக ஆரம்பிச்சுட்டா. எனக்கு ஒரே பெருமை. கொடுத்த வேலையை ஒழுங்காச் செய்யறா பாருங்க! ஆனா உடம்புதான் என்னமோ ஆயிப்போச்சு. பீன்ஸ் நறுக்கிட்டே டிட்-டா டிட்-டான்னு முணுமுணுப்பா. கரண்டியை எடுத்துத் தட்டுல டொக்கு டொக்குன்னு விட்டு விட்டுத் தட்டுவா. நரம்புத் தளர்ச்சியா இருக்கும், முருங்கைக்கீரை சூப்பு வெச்சுக் குடின்னு சொன்னேன். நடுவுல அந்த டாக்டரம்மா சொந்தத்துல ஒரு கல்யாணம்னு சென்னைக்கு வேற ரெண்டு பேரும் சேர்ந்து போயிட்டு வந்தாங்க. வேவு பார்க்கறதுன்னா கல்யாணத்துக்கும் போய்த்தானேங்க ஆகணும்? ஆனா பாருங்க, கல்யாணத்துக்குப் போனவ ஒரு லட்டுகூடக் கொண்டார்ல. தாம்பூலப் பை எங்கடின்னு கேட்டா முழிக்கறா.

என்ன எந்திரிக்கறீங்க? சாரல் அடிக்குதா? உக்காருங்க உக்காருங்க, நான் ஜன்னலைச் சாத்தி விடறேன். ஆனைமலைப் பக்கம் மேகம் கட்டுது. வடக்கே பாருங்க, வெயிலு. இந்த ரோட்டுல எப்பவுமே இப்பிடித்தான்.

எங்க விட்டேன்? ஆங், ஒயரு. எங்க பில்டிங் பின் சுவத்துல மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு ஒயர் எறங்குதுங்க. ஒண்ணு பளபளன்னு வெறும் செம்பு, ஒண்ணு பச்சை ஒயரு. ரெண்டும் மோட்டார் ரூம் பக்கத்துல மண்ணுக்குள்ள போகுது. இதுல எதுடா கம்பத்தோட ஒயருன்னு நின்னு ரோசனை பண்ணுனேன். டாக்டரம்மா காரு பச்சை. கிளினிக் போர்டு பச்சை. வாசல் மிதியடி பச்சை. பின்னே பச்சை ஒயரு யாருதுங்க? இதுக்கு எதுக்கு எலக்ட்ரீசியன்? மதியம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த நேரமாப் பார்த்து, ஆக்ஸா பிளேடை எடுத்துட்டுப் போயி அறுத்து விட்டுட்டேன். பிளேடு கையை வெட்டாம இருக்க ரத்தினத்தோட பழைய சேலைக் கிழிசலைச் சுத்திக்கிட்டேன்.

அன்னைக்கு எனக்குத் தலைவலியே இல்லைங்க. பல்லுச் சத்தமும் நின்னுபோச்சு.

ஆனா மக்கா நாளு காலையில ரத்தினம் குண்டாவுல தண்ணி புடிக்கக் குழாயைத் தொட்டா பாருங்க, "அய்யோ"ன்னு ஒரே அலறல். குண்டா கால் மேல விழுந்துருச்சு. ஓடிப்போயி அவளைப் புடிச்சு உக்கார வெச்சேன். கல்யாணம் ஆனதுல இருந்து அவ அலறி நான் கேட்டதில்லைங்க. நான் தொட்டேன், எனக்கும் சுர்ருன்னு ஏறுது. பக்கத்து வீட்டுல வாஷிங் மிஷின்ல ஷாக்கு. மாவு அரைக்கப் போனா கிரைண்டர்ல ஷாக்கு. ஒரு வீடு பாக்கியில்லை. வாலை நறுக்குன பாம்பு சும்மா இருக்குமாங்க? கம்பம் பழி வாங்குதுன்னு எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு.

அவசரக் கூட்டம் போட்டேன். கம்பத்தைக் கழட்டணும்னு தீர்மானம் எழுதிக் கொண்டுபோயிட்டேன். டாக்டரம்மா முகம் செத்துப்போச்சு. இந்த ஆன்டெனாவுக்காகத்தான் மொட்டை மாடியோட சேர்த்துப் பேசி இந்த வீட்டை வாங்குச்சாம். "சார், ஞாயித்துக்கிழமை காலையில ஒரே ஒரு தடவை நான் பார்த்துடறேன். என்னாலதான்னு தெரிஞ்சா நானே கழட்டிடறேன்"னுச்சு. சரி, ஆசைக்குப் பாருங்கன்னு விட்டேன்.

ஞாயித்துக்கிழமை ஒரு மீட்டரை வெச்சுட்டு ஊடு ஊடாப் போச்சு. கடைசியில பின் சுவத்துக்கு வந்து நின்னுது. அந்தப் பச்சை ஒயரு அறுந்து தொங்குது. "என் ஆன்டெனாவோட எர்த்து இந்தச் செம்புங்க. அதை யாரும் தொடல. இந்தப் பச்சை பில்டிங்கோட எர்த்து. கீசர், மிஷின் எதுல கரண்டு கசிஞ்சாலும் இது வழியாத்தான் மண்ணுக்குள்ள எறங்கணும். எறங்க வழியில்லாம குழாய்க்கு வருது. இதை யாருங்க அறுத்தது?"ன்னு கேட்டுச்சு.

எல்லாரும் செக்ரட்டரியைப் பார்க்கறாங்க. செக்ரட்டரின்னா அப்பிடித்தானுங்க, எதுன்னாலும் நம்ம மொகத்தைத்தான் பார்ப்பாங்க. எலி கடிச்சிருக்கும்னு சொன்னேன். ரத்தினம் மட்டும் குனிஞ்சு மோட்டார் ரூம் ஓரத்துல இருந்து என்னமோ எடுத்து முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டா. அவ அப்பிடித்தான், குப்பையக் கண்டாப் பொறுக்குவா. ஊட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசை மேல வெச்சா. பார்த்தா, சேலைக் கிழிசல் சுத்துன என்னோட ஆக்ஸா பிளேடு! அட, இதைத்தாண்டி ரெண்டு நாளாத் தேடிட்டு இருந்தேன்னேன். அவ அந்தக் கிழிசலை மட்டும் அவுத்து எடுத்துட்டு உள்ள போயிட்டா.

டாக்டரம்மா அந்த ஒயரை ஒட்டுப் போட்டு, பழைய குழி காஞ்சு கெடக்குதுன்னு ஆளை விட்டுப் புதுசா ஒரு குழி வெட்டுச்சு. நான் பக்கத்துலயே நின்னு மேற்பார்வை. நடுவுல செம்புத் தடி, சுத்தியும் கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு, மறுபடி கரி, மறுபடி உப்பு, மேல தண்ணி. ஊறுகாய் போடற மாதிரிதான், பெரிய விசயமில்லை. நானே இப்போ கண்ணை மூடிட்டுப் போடுவேன்.

ஷாக்கு நின்னுபோச்சு. சரி, நான் ஒண்ணு கேக்கறேன். அந்தம்மா கை வெச்சதும் ஷாக்கு நின்னுச்சுன்னா, ஷாக்கு யாருதுங்க? அந்தம்மாதுதானே! இந்தச் சின்ன விசயம் அங்க ஒருத்தருக்கும் புரியல. ஓட்டுக்கு விட்டா, கம்பம் இருக்கட்டும்னு அத்தனை பேரும் கை தூக்கறாங்க. வேண்டாம்னு ஒத்தைக் கை, என்னுது. ரத்தினமும் கை தூக்கிட்டு நின்னா. ஃபேனைப் போடச் சொல்றாளாக்கும்னு நான் எந்திரிச்சுப் போய் ஃபேனைப் போட்டு விட்டேன்.

அன்னைக்கு ஊட்டுக்கு வந்து, நாட்டுல நியாயம் செத்துப்போச்சுன்னு நான் பேசிட்டே இருக்கறேன். ரத்தினம் "ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லணும்"னா. இரு, நான் முடிச்சுக்கறேன்னேன். மறுபடி, "ஏனுங்க"ன்னா. இருடின்னேன். அப்புறம் பார்த்தா கையில பையோட வாசல்ல நிக்கறா. தோளுல ஒயரு ரெண்டு சுருட்டு வேற. என்னடி இதுன்னு கேட்டா, "தம்பி தோப்புல கட்டறதுக்கு டாக்டரம்மா அளந்து வெட்டிக் குடுத்தாங்க"ன்னா. துணிக்கொடியா இருக்கும். ரெண்டும் அச்சுப் பிசகாம ஒரே நீளம். கொடிக் கயித்துக்குப் போயி இவ்வளவு அளவான்னு நான் சிரிச்சேன்.

அப்போ சொன்னா பாருங்க ஒரு வார்த்தை. "நீங்க பட்டனை அழுத்திப் புடிச்சுட்டே இருக்கீங்க. கல்யாணம் ஆனதுல இருந்து கையை எடுக்கவே இல்ல. அங்க மேல போயி, முகம் தெரியாத ஒருத்தரைக் கூப்பிட்டேன். உங்க குரல் நல்லாக் கேக்குதுங்க, சொல்லுங்கன்னாரு. என்கிட்ட அப்பிடி யாருங்க சொல்லியிருக்காங்க?"ன்னா. சொல்லறப்போ கண்ணுல தண்ணி நிக்குது. எனக்கு ஒண்ணுமே புரியல. எனக்கு ஏதுங்க பட்டன்? சட்டையில இருக்கறதுதான் பட்டன். அதையே இத்தனை நாளா ரோசனை பண்ணிட்டு இருக்கறேன். அவ குரல் எனக்குக் கேக்காம என்ன? பக்கத்து ரூம்ல இருந்து முணுமுணுத்தாலே கேக்கும். இப்போதான் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.

எதுக்கு வாயைத் திறக்கறீங்க, மூடறீங்க? சும்மா சொல்லுங்க. என்னது? கிணத்துக்கடவுல எறங்கணுமா? அட சாமி, அது போயி கால்மணி நேரமாச்சே! மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க? சொன்னீங்களா? எப்போ? கரிமூட்டையைத் தாண்டுனப்போ, கிணத்துக்கடவு வந்தா வழி விடுங்கன்னு சொல்ல வந்தீங்களா? எந்திரிச்சது எறங்கறதுக்கா? நான் சாரல்னு நெனச்சு ஜன்னலைச் சாத்தி உக்கார வெச்சுட்டனே! நாலு தடவை வாயெடுத்தும் நான் விடலியா?

இதைத்தான் அவ சொன்னாளோ என்னமோ. மன்னிச்சுக்குங்க. எங்கூடவே எறங்கிக்குங்க, எதுத்த பக்கம் நின்னா பஸ்ஸு வரும்.

அதோ, மச்சினன் தோப்பு வந்துருச்சு. அந்த மஞ்சள் ரூமு பம்ப்செட்டு. வாசல்ல நிக்கறது ரத்தினம்தான். எளைச்சுப்போயிட்டா பாருங்க. ஏனுங்க, அந்த ரெண்டு தென்னமரத்துக்கு நடுவுல அது என்னங்க? துணிக்கொடியை யாருங்க மர உச்சியில கட்டுவாங்க? ஏணி போட்டு ஏறியா சேலை காயப்போடுவா? இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு, ரெண்டும் ஒரே நீளம். நடுவுல இருந்து கறுப்பா ஒரு ஒயரு எறங்கி ரூமுக்குள்ள போகுது.

அடிப்பாவி! ஆன்டெனா!

அப்போ சென்னையில கல்யாணம் இல்ல, பரீச்சை. அதான் லட்டு வர்ல. கரண்டியைத் தட்டுனதும் நரம்புத் தளர்ச்சி இல்ல, தந்தி அடிச்சுப் பழகியிருக்கா. வேவு பார்க்க நானே அனுப்பி, நானே சென்னைக்கு வழியனுப்பி வெச்சு, நானே படிக்க வெச்சிருக்கறேன். எழுதிப் பாஸும் பண்ணிப்போட்டாளுங்க எங்க ரத்தினம்! அன்னைக்கு இதைத்தான் சொல்ல வந்தாளோ? நான் இருடின்னு சொல்லிட்டனே.

மின்னுச்சே, பார்த்தீங்களா? மேகம் இங்கயே வந்துருச்சு. ஏனுங்க, இவ்வளவு உசரத்துல ஒயரைக் கட்டிப்போட்டு எர்த்து இன்னும் போடல! கரி என் காலடியில இருக்குது, தடி என் மடியில இருக்குது, அவ ஆன்டெனாவுக்கு அடியில நிக்கறா! கண்டக்டர், நிறுத்துங்க! பிரிவு வரைக்கும் வேண்டாம், இங்கயே நிறுத்துங்க! ஏங்க, இந்த மூட்டைக்கு ஒரு கை குடுங்க. வேட்டி போனாப் போகுது, நான் புதுசு எடுத்துத் தர்றேன்.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ரத்தினம்! என்னடி பண்ணி வெச்சிருக்கற? ஒரு வார்த்தை சொன்னியா? நான் ஒருத்தன் எதுக்கு இருக்கறேன்? வானம் இப்பிடி மின்னுது, நீ மரத்தடியில நின்னு வேடிக்கை பார்க்கற, மொதல்ல அந்த ஒயரைப் புடுங்கி வெளிய போட்டுட்டு ரூமுக்குள்ள போ, மழை விட்டதும் குழி நான் வெட்டறேன், கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு, எனக்கு எல்லாம் தெரியும், நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான்...

இல்ல. இல்ல ரத்தினம், வெச்சுராத. கையை எடுத்துட்டேன்.

உன் குரல் நல்லாக் கேக்குது. நீ சொல்லு. ஓவர்.